ஏட்டில் மார்கழி

சோபகிருது வருஷம், ஆனி ஏழு.
கப்பலில் பீரங்கிக்கு ஆள் போதவில்லை என்று
கோட்டைச் சிப்பாய்களைக் கரைக்கு நடத்தினார்கள்.
சலங்குகள் அலையில் துள்ளிக்கொண்டு நின்றன.
ஏறுகிறவனுக்கு ஒரு கோடு கிழிப்பது என் வேலை:
சவரிராயன், பிராஞ்சுப் பட்டாளத்துக் கணக்கு.

இருசப்பன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்,
யார் வீட்டுக்குள்ளோ நுழைகிறவன் போல.
வண்டிப்பாளையத்தான்.
கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்தும்
முழங்காலுக்கு மேல் அதில் நனைந்ததில்லை என்றான்.
"எத்தனை நாள், கணக்கரே?"
நாலு நாள் படி எழுதியிருந்தேன்.
அதைச் சொன்னேன்.

பத்தாம் தேதி சாயங்காலம்
கெடிலத்து முகத்துவாரத்தில் நின்று பார்த்தோம்.
புகை தெரிந்தது, கப்பல் தெரியவில்லை.
வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு.
நடுவில் உள்ளதை விரல்விட்டு எண்ணி
கட்டுமரக்காரன் ஒருவன் தூரம் சொன்னான்.
ஒரு சாமம் நடந்தது.
ஒரு கப்பலும் முழுகவில்லை.

என் கோடுகளில் பதினொன்றுக்கு ஆள் திரும்பவில்லை.
இருசப்பன். சேக் மதார். ஞானாதிக்கம்.
மற்ற எட்டுப் பேரும் ஏட்டில் இருக்கிறார்கள்.
காலில் குண்டு கட்டி இறக்கினார்களாம்.
இருசப்பன் வாந்தி எடுத்துக்கொண்டே மருந்து கெட்டித்தானாம்;
கரை எந்தப் பக்கம், கரை எந்தப் பக்கம் என்று
கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

பத்து நாள் கழித்து வெள்ளைக்கொடியோடு ஒரு கப்பல்.
சண்டை நின்றுவிட்டதாம்.
எப்போது?
தை மாதத்தில்.
சீமையில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்கள்.
கடிதம் பாதி உலகைச் சுற்றி வந்துகொண்டிருந்தது,
நாங்கள் மாசி மகத்துக்குத் தீர்த்தமாடி
சித்திரையில் வெள்ளரி தின்று
ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தபோது.

துரை கூப்பிட்டு விதியைப் படித்தார்.
சண்டையில் செத்தவன் வீட்டுக்கு இருபது வராகன்.
சமாதானத்தில் செத்தவனுக்கு அந்த மாதச் சம்பளம்,
அதிலும் தொலைந்த துப்பாக்கியின் விலை போக.
ஆகவே, சவரிராயா, ஆனியில் சண்டை இல்லை.
எழுது.

இல்லாத சண்டையின் கந்தகம்
என் தலைப்பாகையில் இன்னும் நாறிக்கொண்டிருந்தது.

பூங்காவனம் மூன்று நாள் கச்சேரி வாசலில் நின்றாள்.
பணம் கேட்கவில்லை. புருஷனின் திதி கேட்டாள்.
நான் வேதக்காரன், எனக்கு என்ன தெரியும்?
திருப்பாதிரிப்புலியூர்ப் பஞ்சாங்கக்காரரிடம்
ஆள் அனுப்பி விசாரித்தேன்:
தேய்பிறை, சஷ்டி.

அன்று இரவு விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு
பதினொரு பேரையும் மார்கழியில் கொன்றேன்.
சுபகிருது வருஷம், மார்கழி இருபது.
ஏதோ ஒரு கொத்தளம், ஏதோ ஒரு குண்டு.
கை நடுங்கவில்லை.
பிறகுதான் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்:
தையில், மாசியில், பங்குனியில்
செத்தவர்கள் வரிசையாக வந்து சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்.
இருசப்பனின் தற்குறி
வளைந்த ஒரு கோடு, நடுவில் புள்ளி.
பங்குனியில் கொஞ்சம் அழுத்தி வைத்திருந்தான்.
அந்த மாதம் அவனுக்குக் கடன் பிடித்திருந்தார்கள்.

மைக்கூட்டைக் கவிழ்த்தேன்.

கூரை ஒழுகிற்று என்று காலையில் சொன்னேன்.
ஆனியில் என்ன மழை என்று துரை கேட்கவில்லை;
அவருக்கு அன்று இங்கிலீசுப் பாளையத்தில் விருந்து.
பாவசங்கீர்த்தனத்தில் வேறு பாவங்களைச் சொல்லி வருகிறேன்.

வராகனைப் பூங்காவனம் இரண்டு தரம் எண்ணினாள்.
ஏட்டில் மார்கழி என்றிருக்கும்,
யார் கேட்டாலும் மார்கழி என்று சொல்,
சோறு மட்டும் ஆனியில் வை என்றேன்.
முந்தானையில் முடிந்துகொண்டே
"எந்தப் பக்கம் பார்த்து வைக்க?" என்றாள்.

வெளியே கச்சான் மணலை வாரிக்கொண்டு போனது.
அது போகிற பக்கம் கையைக் காட்டினேன்.